கல்யாண வீட்டில் வீணை கேட்குமா?

செஞ்சி கல்யாண மகால் முதல் இன்றைய கல்யாண மண்டபம் வரை

செஞ்சிக் கோட்டைக்குள் நுழைந்து ராஜகிரி மலை அடிவாரத்தை நோக்கி நடந்தால் ஒரு கோபுரம் கண்ணில் படும். அது கோவில் கோபுரம் அல்ல. சாமி சிலை எதுவும் அதில் கிடையாது. அடுக்கு அடுக்காக ஏழெட்டு மாடங்கள். மாடங்களில் வளைவு வைத்த திறப்புகள். உச்சியில் கூம்பு போன்ற கூரை. உயரம் சுமார் 80 அடி.

அதன் பெயர் கல்யாண மகால்.

பெயரைக் கேட்டதும் பார்க்க வந்தவர்களுக்கு உற்சாகம் பிறந்துவிடும். "ராஜா வீட்டுக் கல்யாணம் எல்லாம் இங்கேதான் நடந்திருக்கும்" என்பார் அப்பா. "பந்தி எங்கே போட்டிருப்பார்கள்?" என்று கேட்பாள் பெண்.

கேள்வி நியாயமானதுதான். ஏன் என்றால், அந்தக் கோபுரத்தின் மாடங்களில் பந்தி போட இடம் இல்லை. ஒவ்வொரு மாடத்திலும் ஒரே ஓர் அறை. அதுவும் சுமார் 8 அடிச் சதுரம். சுற்றிலும் தாழ்வாரம். மேலே ஏற உயரமான படிகள். அறைக்குள் மணப்பெண்ணும் நாலு தோழிகளும் உட்கார்ந்தால் இடம் நிறைந்துவிடும்.

கோபுரத்தைச் சுற்றி ஒரு முற்றம். முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கோட்டையை ஆண்டவர்களின் வீட்டுப் பெண்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட மாளிகை இது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த குளத்திலிருந்து மண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்து, மேல் மாடம் வரை ஏற்றியிருக்கிறார்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் மாடிக்குத் தண்ணீர்!

இந்த மகாலை ஒரு வீணை வித்வான் பார்த்தால் என்ன நினைப்பார்?

வீணையின் நீளம் சுமார் 4 அடி. அறையின் அகலம் 8 அடி. வீணையைக் கிடத்தி, அதன் பின்னால் சம்மணம் போட்டு உட்காரலாம். எதிரே ஐந்தாறு பேர் உட்காரலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்தாறு பேருக்கும் ஒவ்வொரு தந்தியின் ஒலியும் கேட்கும். விரல் தந்தியில் உரசுவதுகூடக் கேட்கும்.

இன்றைய கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம். வீணை வாசித்தால் எத்தனை பேருக்குக் கேட்கும்?

அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

தேசிங்கு கதையில் ஒரு கல்யாணம்

செஞ்சி என்றால் தேசிங்குராஜன். தேசிங்குராஜன் என்றால் அவன் தோழன் மகமத்கான். இந்த இருவர் கதையைக் கேட்காத கிராமம் வட தமிழ்நாட்டில் இல்லை. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் தலைமுறை தலைமுறையாக வந்த கதை.

அந்தக் கதையிலும் ஒரு கல்யாணம் வருகிறது. வழுதாவூரில் மகமத்கானுக்குக் கல்யாணம். வீடு முழுக்க விருந்தாளிகள். அப்போது செஞ்சியிலிருந்து ஓலை வருகிறது. ஆற்காட்டு நவாபின் படை கோட்டையை நோக்கி வருகிறது என்ற செய்தி! கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டுக் குதிரை ஏறினான் மகமத்கான். போரில் உயிரை விட்டான். தேசிங்குராஜனும் அதே போரில் மாண்டான். இது நடந்தது 1714-ம் ஆண்டு, அக்டோபர் மாதம்.

கதைப்பாட்டுக்காரர் இந்த இடத்துக்கு வரும்போது குரலை உயர்த்துவார். உடுக்கையோ மத்தளமோ அதிரும். பத்து வயல் தாண்டிக் கேட்கும். போர்க் கதைக்கு அது பொருத்தம்தான். கல்யாணத்துக்கும் நம் நாட்டில் அப்படிப்பட்ட வாத்தியங்கள்தான் முதலிடம் பிடித்திருக்கின்றன. நாதசுரம், தவில் இரண்டும் வெட்டவெளியில் வாசிப்பதற்கென்றே ஏற்பட்டவை. மாப்பிள்ளை அழைப்பு தெருக்கோடியில் வரும்போதே வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

தாலி கட்டும் நேரத்தில் என்ன நடக்கிறது? "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குருக்களோ பெரியவரோ விரலை ஆட்டுகிறார். தவில் இடிபோல முழங்குகிறது. எதற்காக? அந்த நல்ல நேரத்தில் ஒரு தும்மல், ஓர் அழுகை, ஒரு கெட்ட வார்த்தை யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக. மற்ற ஒலிகளை மூடி மறைப்பதே கெட்டிமேளத்தின் வேலை.

அந்த வேலையை வீணையால் செய்ய முடியாது. வீணை எதையும் மூடாது. வீணையைத்தான் எல்லாம் மூடிவிடும்.

தந்தி ஏன் மெதுவாகப் பேசுகிறது?

ஒரு சின்னச் சோதனை. இரண்டு ஆணிக்கு நடுவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டுங்கள். சுண்டிப் பாருங்கள். கம்பி ஆடுவது கண்ணுக்குத் தெரியும். ஒலி மட்டும் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. கம்பி மெல்லியது. அதனால் அதிகக் காற்றைத் தள்ள முடியாது.

அதே கம்பியின் ஒரு முனையை ஒரு மரப்பெட்டிமேல் வைத்துக் கட்டினால் பெட்டியும் சேர்ந்து அதிரும். பெட்டியின் பலகை அகலமானது. அது நிறையக் காற்றைத் தள்ளும். ஒலி பெரிதாகும்.

தஞ்சாவூர் வீணையின் குடம் அந்தப் பெட்டிதான். பலா மரத்தைக் குடைந்து செய்வார்கள். குடத்தின்மேல் குதிரை என்ற சின்னப் பாலம். அதன்மேல் தந்திகள் போகின்றன. வாசிக்கும் தந்திகள் நான்கு, தாளத்துக்கு மூன்று, ஆக ஏழு. பிடிலிலும் இதே கதைதான். அங்கே வில்லை வைத்து இழுப்பதால் ஒலி விடாமல் வருகிறது. அதனால் பிடில் கொஞ்சம் தப்பித்துக்கொள்ளும். வீணையில் ஒரு முறை மீட்டினால், அந்த ஒலி பிறந்த உடனேயே தேயத் தொடங்கிவிடுகிறது. தேயும் ஒலியை இடது கை இழுத்து, வளைத்து, குழைத்துப் பாட வைக்கிறது. கமகம் என்கிறார்களே, அது இதுதான். வீணையின் அழகெல்லாம் அந்தத் தேயும் ஒலியில் இருக்கிறது.

அதைக் கேட்க வேண்டும் என்றால் இடம் அமைதியாக இருக்க வேண்டும். சுவர் நல்ல சுவராக இருக்க வேண்டும்.

சுவருக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஒலி ஒரு வினாடியில் சுமார் 1,100 அடி ஓடும். எதிரே 55 அடி தூரத்தில் ஒரு வெறும் சுவர் இருந்தால், ஒலி போய் மோதித் திரும்பி வர ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அவ்வளவு தாமதித்து வந்தால் காது அதைத் தனி ஒலியாக எடுத்துக்கொள்கிறது. அதாவது எதிரொலி! வித்வான் அடுத்த சுரத்துக்குப் போய்விடுகிறார். பழைய சுரம் சுவரில் மோதி வந்து அதன்மேல் விழுகிறது. இரண்டும் கலந்து குழம்பாகிறது.

சிறிய அறையில் இந்தத் தொல்லை இல்லை. சுவர் பக்கத்திலேயே இருப்பதால் திரும்பி வரும் ஒலி, பிறந்த ஒலியோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பலம் சேர்க்கிறது. 8 அடி அறையில் வீணை கம்பீரமாகக் கேட்பது இதனால்தான்.

ஓலைப் பந்தல் காலம்

கல்யாண மண்டபம் என்று வாடகைக்கு விடும் கட்டிடங்கள் பெருகியது பிற்காலத்தில். அதற்கு முன் பெண் வீட்டு வாசலில்தான் கல்யாணம். தெருவை அடைத்துத் தென்னங்கீற்றுப் பந்தல். தரையில் ஆற்று மணல். அதன்மேல் ஜமுக்காளம்.

தந்தி வாத்தியக்காரருக்கு அது மோசமான இடம் இல்லை. கீற்றும் மணலும் ஒலியைக் குடித்துவிடும். எதிரொலி எழும்பாது. தூரத்தில் இருப்பவருக்குக் கேட்காது என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குச் சுத்தமாகக் கேட்கும். கேட்க வேண்டும் என்பவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். சீட்டாட வேண்டும் என்பவர்கள் திண்ணைக்குப் போனார்கள். யாரும் யாரையும் கெடுக்கவில்லை.

கல்யாணமும் ஒரே நாளில் முடிந்துவிடாது. நாலு நாள், ஐந்து நாள் நடக்கும். ஒரு மாலை பாட்டுக் கச்சேரி. ஒரு மாலை சதங்கை. ஒரு மாலை வீணை. ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் வீட்டுப் பெண்களே பாடுவார்கள். பெரிய வித்வான் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்தார் என்பது அந்தக் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறைப் பெருமை.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் வசதி. முகப்பு, வளவு, பட்டாலை என்று தூண் வைத்த கூடங்கள். கச்சேரிக்கென்றே கட்டியதுபோல இருக்கும். வீணையில் காரைக்குடி சகோதரர்கள் என்று இருவர் பெயர் பெற்றது இந்தச் சீமையில்தான். அண்ணன் சுப்பராம ஐயர், தம்பி சாம்பசிவ ஐயர். தம்பி எல்லோரையும்போல வீணையைக் கிடத்தி வாசிப்பார். அண்ணனோ அதை நிமிர்த்தி, செங்குத்தாக வைத்துக்கொண்டு வாசிப்பார்! இரண்டு வீணைகள் ஒரே குரலாக ஒலித்ததாம். சாம்பசிவ ஐயர் 1958-ம் ஆண்டு வரை வாழ்ந்தார். சென்னை கலாக்ஷேத்திராவில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வீடு

எந்த இடத்தில் வாசிப்பது என்பதில் வீணை தனம்மாளைப்போல உறுதியாக நின்றவர்கள் குறைவு.

தனம்மாள் 1867-ம் ஆண்டு பிறந்தவர். சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர். நாட்டியத்தில் உலகப் புகழ் பெற்ற பாலசரஸ்வதி இவருடைய பேத்தி. சங்கீதத்தில் பெயர் பெற்ற பிருந்தாவும் முக்தாவும் பேத்திகளே.

வெள்ளிக்கிழமை மாலையானால் தனம்மாள் வீட்டில் வீணை ஒலிக்கும். பெரிய மேடை இல்லை. பந்தல் இல்லை. வீட்டின் ஓர் அறை. கேட்க வருகிறவர்கள் சிலர். அவர்களில் பலர் தாங்களே வித்வான்கள். வந்தவர்கள் பேசக்கூடாது. தாளம் போடுகிறேன் என்று தொடையைத் தட்டக்கூடாது. இது எங்கும் எழுதி மாட்டாத சட்டம். தனம்மாளின் வாசிப்பு அவ்வளவு மென்மையானது. ஒருவர் இருமினால் ஒரு சங்கதி போய்விடும்.

அந்த வீட்டில் செல்வம் கொழிக்கவில்லை என்பதை மறக்கக்கூடாது. கடைசிக் காலத்தில் கண் பார்வையும் குறைந்திருந்தது. பெரிய இடத்துக் கல்யாணங்களில் மாறி மாறி வாசித்திருந்தால் பணம் வந்திருக்கலாம். ஆனால் அந்த வீணைக்கு எந்த இடம் ஏற்றது என்பது தனம்மாளுக்குத் தெரியும். வீணையைத் தூக்கிக்கொண்டு ஜனங்களைத் தேடிப் போவதைவிட, ஜனங்கள் வீணையைத் தேடி வரட்டும் என்று இருந்தார். வந்தார்கள்!

1938-ம் ஆண்டு தனம்மாள் காலமானார். அதே ஆண்டில்தான் சென்னை வானொலி நிலையம் தொடங்கியது. வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறை என்பது என்ன? சத்தம் புகாத ஒரு சின்ன அறை. அங்கே வாசித்த வீணை நாடெங்கும் வீட்டுக் கூடங்களில் கேட்டது. சின்ன அறையில் பிறந்து, சின்ன அறைக்கே வந்து சேர்ந்தது.

மண்டபத்துக்குள் வாருங்கள்

இனி இன்றைய கல்யாண மண்டபம். திண்டிவனம்-திருவண்ணாமலை சாலையில் செஞ்சிக்கு வரும் எவரும் பார்க்கலாம். முகூர்த்த நாளில் வாசலில் வாழைமரம், வண்ண விளக்குத் தோரணம், நுழைவாயிலில் பன்னீர். எந்த ஊரிலும் இதே காட்சிதான்.

மாலையில் வரவேற்பு. ஆறு மணிக்கு வீணைக் கச்சேரி என்று பத்திரிகையில் அச்சடித்திருக்கிறது. வித்வான் நாலு மணிக்கே வந்துவிடுகிறார். மேடை எங்கே என்று பார்க்கிறார். மேடையில் மணமக்களுக்குச் சிம்மாசனம் போட்டிருக்கிறார்கள். பின்னால் பூ அலங்காரம். "ஐயா, நீங்க இப்படி ஓரமா உட்கார்ந்துக்கங்க" என்று ஒருவர் காட்டுகிறார். அந்த ஓரம் எது? சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழி!

வீணை உறையிலிருந்து வெளியே வருகிறது. அங்கேதான் முதல் சங்கடம்.

வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. மெட்டு என்றால், விரல் வைத்து அழுத்த வேண்டிய உலோகத் துண்டு. அவற்றை ஆணி அடித்துப் பொருத்துவது இல்லை. தேன்மெழுகில் கரி சேர்த்துச் செய்த மெழுகின்மேல் பதித்திருக்கிறார்கள். இதை 'மேளம் கட்டுவது' என்பார்கள். நுணுக்கமான வேலை. ஒரு மெட்டு நெல் கனம் நகர்ந்தாலும் சுரம் தப்பிவிடும். மெழுகுக்குச் சூடு ஆகாது. மேடைக்கு நேராக வீடியோக்காரரின் விளக்கு எரிந்தால் மெழுகு இளகத் தொடங்கும். செஞ்சிபோலப் பாறை சூழ்ந்த ஊரில் சித்திரை, வைகாசி வெயிலைச் சொல்லவே வேண்டாம். பகலெல்லாம் சூடு குடித்த பாறை, இருட்டிய பிறகும் அனலை விட்டுக்கொண்டிருக்கும்.

தந்திக்கும் சூடு ஆகாது. சூட்டில் கம்பி நீளும். நீண்டால் சுருதி இறங்கும். குளிர்பதனம் செய்த மண்டபத்தில் இதற்கு எதிர்மாறு. வெளியே வெயிலில் சுருதி சேர்த்துக்கொண்டு உள்ளே வந்தால் கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடும். மழைக்கால ஈரத்தில் மரம் உப்பிப் பிரடை இறுகிக்கொள்ளும். திருப்ப முடியாது. வறண்ட நாளில் பிரடை நிற்காமல் நழுவும். வாய்ப்பாட்டுக்காரருக்குத் தொண்டை ஒன்றைக் காப்பாற்றினால் போதும். தந்தி வாத்தியக்காரர் மரம், மெழுகு, கம்பி மூன்றையும் காப்பாற்ற வேண்டும்!

ஒருவழியாகச் சுருதி சேர்த்தாகிவிட்டது. கச்சேரி ஆரம்பம். தம்பதிகளை வாழ்த்த வரிசை நிற்கிறது. வரிசை வீணைக்கு முன்னாலேயே நகர்கிறது. கையில் பரிசுப் பெட்டி, இடுப்பில் குழந்தை. தலைக்குமேல் மின்விசிறி. பின்னால் பந்தியில் எவர்சில்வர் வாளிகளின் ஓசை. தரையெல்லாம் வழவழப்பான பளிங்குக் கல், சுவரெல்லாம் கண்ணாடி. ஒலியைக் குடிக்க எதுவும் இல்லை. ஆயிரம் பேரின் பேச்சும் சுவரில் மோதித் திரும்புகிறது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அதனால் அவர் இன்னும் உரக்கப் பேசுகிறார். அடுத்தவரும் உரக்கப் பேசுகிறார். இதற்கு முடிவு ஏது?

மைக் செட்காரர் நல்ல மனிதர். "சத்தம் பத்தலியா சார்?" என்று கேட்டுத் திருகைத் திருப்புகிறார். ஒலிபெருக்கி ஊளையிடுகிறது. முன் வரிசைப் பாட்டி காதைப் பொத்திக்கொள்கிறார்.

வாசிப்பவர் பெண்ணாக இருந்தால் இன்னொரு காட்சியும் உண்டு. நல்ல ராக ஆலாபனை நடுவில் ஒரு மாமா வந்து குனிவார். "அம்மா, சினிமா பாட்டு ஒண்ணு வாசியுங்களேன். பிள்ளைங்க கேக்குதுங்க" என்பார். அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. கல்யாணம் அவர்களுடையது. வந்தவர்கள் கச்சேரிக்கு வந்தவர்கள் அல்ல, மணமக்களைப் பார்க்க வந்தவர்கள். ஒரு சினிமாப் பாட்டு வாசித்தவுடன் நாலு குழந்தைகள் ஓடிவந்து முன்னால் உட்கார்ந்தால், அதுவும் லாபம்தான். அடுத்த பாட்டையும் அவை கேட்கும் அல்லவா?

"இவ்வளவு தொல்லை என்றால் கல்யாணக் கச்சேரியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?" என்று கேட்கலாம்.

சொல்ல முடியாது. பெரிய பெயர் வாங்காத வித்வானுக்குச் சபாவில் கிடைக்கும் சன்மானம் போக்குவரத்துக்கும் பக்கவாத்தியத்துக்கும் சரியாகிவிடும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் பெரும்பாலும் கல்யாணக் கச்சேரியில்தான் வருகின்றன. மார்கழியில் கல்யாணம் கிடையாது. சென்னையில் சபாக்களின் சங்கீத விழா அந்த மாதத்தில்தான். தை பிறந்தால் முகூர்த்தங்கள். ஆக, மார்கழியில் காதுக்கு வாசித்து, தையில் வயிற்றுக்கு வாசிக்கிறார்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் வீணை உறைக்குள் இருக்கும்.

பணம் வருகிறது. ஆனால் மூன்று மணி நேரம் ஒருவரும் கேட்காமல் வாசித்தால் கை என்ன ஆகும்? இதுதான் பெரிய ஆபத்து. கேட்காத கூட்டத்துக்கு முன்னால் நுணுக்கமான கமகம் வீண் என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது. அது மெல்லிய பிடிகளை விட்டுவிட்டு அழுத்தமான பிடிகளையே பிடிக்கப் பழகுகிறது. இப்படிப் பத்து வருஷம் போனால், அமைதியான அறை கிடைத்தாலும் பழைய மென்மை திரும்பி வருவது கஷ்டம்.

சத்தத்தோடு மல்லுக்கு நின்றவர்கள்

எல்லோரும் தனம்மாளைப்போல வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. சிலர் சத்தத்தை நேருக்கு நேர் சந்தித்தார்கள்.

பிடில் நம் நாட்டு வாத்தியமே அல்ல. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரின் இந்தக் கருவியைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகிவிட்டன. கூட்டத்தின் நடுவிலும் குரலோடு ஈடுகொடுக்கும் பிடில், பக்கவாத்தியமாக நிலைத்துவிட்டது. குன்னக்குடி வைத்தியநாதன் இன்னும் ஒரு படி போனார். மென்மையான வாத்தியத்துக்கு மிருதங்கம் போதும் என்பது வழக்கம். அவரோ கல்யாண வீட்டுத் தவிலையே பக்கத்தில் உட்காரவைத்து வாசித்தார். வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலோடு அவர் பிடில் மோதிய கச்சேரிகளுக்குத் திருவிழாக் கூட்டம் கூடியது.

மாண்டலின் சீனிவாஸ் மின்சார மாண்டலினைக் கையில் எடுத்தபோது சின்னப் பையன். அந்தக் கருவியிலும் மெல்லிய சுரம் பேசும் என்று காட்டினார். 2014-ம் ஆண்டு அவர் மறைந்தபோது வயது 45 தான். வீணையிலும் குடத்தின்மேல் ஒட்டவைக்கும் மைக் வந்துவிட்டது. கழற்றி மாட்டும் வீணையும் வந்துவிட்டது. பஸ்ஸில் வீணைக்கு ஒரு சீட்டு வாங்கிய காலம் போய்க்கொண்டிருக்கிறது.

மைக் வந்ததால் கடைசி வரிசைக்கும் ஒலி போகிறது. ஆனால் கடைசி வரிசையில் கேட்கும் காது இருக்கிறதா என்பதை மைக் கவனிக்காது.

மகாலிலேயே வாசித்தால் என்ன?

செஞ்சி கல்யாண மகால் சும்மாதானே இருக்கிறது, அங்கேயே ஒரு கல்யாண வரவேற்பு வைத்து வீணை வாசித்தால் என்ன என்று தோன்றலாம். முடியாது. கோட்டை மத்திய தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. புராதனச் சின்னங்களுக்கான சட்டம் 1958-ம் ஆண்டு வந்தது. மறு ஆண்டு விதிகள் வந்தன. மத்திய அரசின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கூட்டமோ, வரவேற்போ, விருந்தோ, கேளிக்கையோ நடத்தக்கூடாது என்பது விதி. 2025-ம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மராட்டியர் ஆண்ட 12 கோட்டைகள் சேர்ந்து அந்தப் பெருமையைப் பெற்றன. அதில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று, அது செஞ்சி.

விதி இருப்பது நல்லதுதான். அடுப்புப் புகையும் ஒலிபெருக்கியும் ஆணியும் உள்ளே போனால் சுண்ணாம்புப் பூச்சு தாங்குமா?

இதே கோட்டையின் வெங்கடரமணர் கோவிலில் இருந்த ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். செஞ்சித் தூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. பார்க்க அழகு. ஆனால் கூரை இல்லை, சுவர் இல்லை, எதிரே கடல். வீணைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. காற்றே பாதி ஒலியைக் கொண்டுபோய்விடும்.

முன்பணம் வாங்கும் முன்

அடிபட்டுத் தெரிந்துகொண்ட வித்வான்கள் இப்போது சில விஷயங்களை முதலிலேயே பேசிவிடுகிறார்கள். முதல் பேச்சு இடம் பற்றி. பந்தி வாசலுக்குப் பக்கத்தில் வேண்டாம், மேடைக்கு எதிர்க் கோடியிலாவது, மாடியில் ஒரு சின்னக் கூடத்திலாவது இடம் கொடுங்கள் என்கிறார்கள். பல மண்டபங்களில் மாடிக் கூடம் ஒன்று பாய்களும் தலையணைகளும் போட்டுக் காலியாகத்தான் கிடக்கிறது. கீழே ஜமுக்காளம் விரித்து, சுவரில் இரண்டு திரைச்சீலை தொங்கவிட்டால் ஒலி அடங்கிவிடும். மின்விசிறி வீணைக்கு நேராக வேண்டாம். விளக்கு பத்து அடி தள்ளி இருக்கட்டும். இதற்கெல்லாம் கல்யாண வீட்டாருக்குத் தனிச் செலவு கிடையாது.

அடுத்தது நேரம். மூன்று மணி நேரம் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும் என்று சிலர் கேட்கிறார்கள். வரிசை தொடங்குவதற்கு முன்னால் ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தால், சீக்கிரம் வந்த பெரியவர்களும் குழந்தைகளும் உட்கார்ந்து கேட்பார்கள். சன்மானத்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் இதில் உண்டு. சில வீட்டார் குறைக்கவும் செய்கிறார்கள். சிலரோ, "நலங்கு அன்னிக்கு வீட்டுக்கே வந்துடுங்க. நாப்பது பேர்தான் இருப்போம்" என்று கூப்பிடுகிறார்கள். வீட்டுக் கூடம், பாய், நாற்பது பேர், மைக் கிடையாது. அப்படி ஓர் அழைப்பு வந்தால் வித்வான் நாள் நட்சத்திரம்கூடப் பார்க்காமல் ஒப்புக்கொண்டு, அன்று காலையிலேயே புதுத் தந்தி மாட்டிவிடுகிறார்.